7-ஆம் தேதியும் 15-ஆம் தேதியும்: சிறு நிறுவனங்களின் சம்பளப் பட்டியல்

திருப்பூரில் ஏற்றுமதி நிறுவனங்களிடம் துணி வாங்கித் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் யூனிட்டுகள், கோயம்புத்தூரில் பம்புக்கான உதிரிபாகங்களைக் கடைந்து தரும் லேத் பட்டறைகள், கரூரின் ஜவுளிக் கூடங்கள், சிவகாசியின் அச்சகங்கள் என்று பத்துப் பேர் முதல் முப்பது நாற்பது பேர் வரை வேலை செய்யும் இடங்களில், தொழிலாளர் சட்டம் முதலாளியின் கைக்கு வந்து சேர்வது சம்பளப் பட்டியல் என்ற ஒரே தாளின் வழியாகத்தான். சட்டப் புத்தகங்களில் தனித்தனியாக நிற்கும் குறைந்தபட்சக் கூலி, பிடித்தம், வருங்கால வைப்பு நிதி (பி.எஃப்.), ஊழியர் அரசுக் காப்பீடு (இ.எஸ்.ஐ.), போனஸ், பணிக்கொடை ஆகிய எல்லாம் அந்தத் தாளில் அடுத்தடுத்த கட்டங்களாக வந்து அமர்கின்றன. அவற்றை நிரப்புவதற்குப் பெரிய நிறுவனத்தில் ஒரு துறையே இருக்க, சிறு நிறுவனத்தில் முதலாளியோ, அவர் வீட்டில் ஒருவரோ, மாதத்துக்கு ஒரு தொகை வாங்கிக்கொண்டு பல கம்பெனிகளின் கணக்கைப் பார்க்கும் பி.எஃப். கன்சல்டன்டோ அந்த வேலையைச் செய்கிறார். விகிதங்கள் அதிகம் என்பதே சிறு முதலாளிகளின் வழக்கமான குறை. அது பாதி உண்மை. பணம் உள்ளே வரும் தேதியும் வெளியே போக வேண்டிய தேதியும் பொருந்தாமல் இருப்பதே அதைவிட ஆழமான இடர்ப்பாடு என்பதும், அந்த இடைவெளியை அடைக்க முதலில் எடுக்கப்படுவது தொழிலாளியின் பணம் என்பதும் கூர்ந்து பார்த்தால் விளங்கும்.

சம்பளத் தேதியைச் சட்டம் வரையறுத்ததற்கு ஒரு வரலாறு உண்டு. 1931-இல் அறிக்கை அளித்த விட்லி குழு என்று அறியப்படும் ராயல் தொழிலாளர் ஆணையம், கூலியைத் தாமதித்துக் கொடுப்பதையும், அபராதம் என்ற பெயரில் கூலியை வெட்டுவதையும் தொழிலாளரைக் கடனில் தள்ளும் காரணங்களாகக் கண்டது. அதைத் தொடர்ந்து 1936-இல் ஊதியம் வழங்கல் சட்டம் இயற்றப்பட்டது. ஆயிரம் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் நிறுவனங்கள் ஊதியக் காலம் முடிந்த 7-ஆம் நாளுக்குள்ளும், அதற்கு மேற்பட்டவை 10-ஆம் நாளுக்குள்ளும் சம்பளம் கொடுக்க வேண்டும் என்று அது விதித்தது. சிறியவருக்குக் குறைந்த அவகாசமும் பெரியவருக்குக் கூடுதல் அவகாசமும் கொடுத்த அந்த ஏற்பாட்டுக்கு, ஆயிரம் பேரின் கணக்கைப் போட அதிக நாட்கள் பிடிக்கும் என்ற அன்றைய அலுவலக நடைமுறையே காரணமாக இருந்திருக்க வேண்டும். பணப்புழக்கம் அங்கே பொருட்படுத்தப்படவில்லை. 2019-இல் நிறைவேறி 2025 நவம்பர் 21 அன்று மற்ற மூன்று தொழிலாளர் சட்டத் தொகுப்புகளோடு நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு, பழைய சட்டத்தில் இருந்த 24,000 ரூபாய் சம்பள வரம்பை நீக்கி மாதச் சம்பளம் வாங்கும் எல்லா ஊழியருக்கும் 7-ஆம் நாளைப் பொதுவாக்கியிருக்கிறது. பழைய விதிகளும் திட்டங்களும், புதிய சட்டத்துக்கு முரண்படாத அளவில், மாற்றக் காலத்தில் தொடர்கின்றன. ஆகவே இரண்டு தலைமுறைச் சட்டங்களையும் ஒருசேரப் படிக்க வேண்டிய நிலையில் முதலாளி இருக்கிறார்.

ஒரு தொழிலாளியின் மாதச் சம்பளம் 15,000 ரூபாய் என்றும், அது முழுவதும் வைப்பு நிதிக்கு உட்பட்டது என்றும் வைத்துக்கொண்டால் பட்டியலின் அமைப்பு தெளிவாகும். தொழிலாளியின் பங்காக 12 விழுக்காடு, அதாவது 1,800 ரூபாய், பிடிக்கப்படுகிறது. முதலாளியின் பங்கும் 12 விழுக்காடுதான். ஆனால் அதில் 8.33 விழுக்காடாகிய 1,250 ரூபாய் ஓய்வூதியத் திட்டத்துக்குப் போக, எஞ்சிய 550 ரூபாய் மட்டுமே தொழிலாளியின் வைப்புக் கணக்கில் ஏறுகிறது. இதன்மேல் வைப்பு நிதியோடு இணைந்த ஆயுள் காப்பீட்டுக்கு அரை விழுக்காடும் நிர்வாகக் கட்டணமாக இன்னொரு அரை விழுக்காடும் சேர்ந்து 150 ரூபாய். மருத்துவமும் நோய்க்கால ஊதியமும் தரும் இ.எஸ்.ஐ.க்கு 2019 ஜூலை முதல் உள்ள விகிதப்படி தொழிலாளி 0.75 விழுக்காடும் முதலாளி 3.25 விழுக்காடும் செலுத்த வேண்டும். ரூபாய்க்கு முழுமையாக்கினால் 113, 488. ஆகத் தொழிலாளி கையில் வாங்குவது 13,087 ரூபாய். முதலாளிக்கு ஆகும் செலவு 17,438 ரூபாய். இடையில் உள்ள 4,351 ரூபாயைத் தொழிலாளி தன் சம்பளம் என்று உணர்வதில்லை, முதலாளி அதை வரி என்று கருதுகிறார். இருவருமே கண்ணால் காணாத பணமாக அது இருப்பதே பின்னால் வரும் பல சிக்கல்களுக்கு வேர்.

வைப்பு நிதி, இ.எஸ்.ஐ. ஆகிய இவ்விரண்டு நிதிகளுக்கும் அடுத்த மாதம் 15-ஆம் தேதி கடைசி நாள். வைப்பு நிதிக்கு முன்பு இருந்த ஐந்து நாள் சலுகைக் காலம் 2016-இல் எடுக்கப்பட்டுவிட்டது. ஆக 7-ஆம் தேதி சம்பளம், 15-ஆம் தேதி நிதிகள் என்ற இரண்டு அசையாத நாட்களுக்கு எதிரே, சரக்கு வாங்கியவரிடமிருந்து பணம் வரும் நாள் அசைந்துகொண்டே இருக்கிறது. குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான 2006-ஆம் ஆண்டுச் சட்டம், எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பாக்கி வைக்கக் கூடாது என்றும், தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி தர வேண்டும் என்றும் கூறுகிறது. சட்டம் அப்படியே நடந்தாலும்கூட, மாத முதல் வாரத்தில் அனுப்பிய சரக்குக்கு வர வேண்டிய பணம் அந்தச் சரக்கைச் செய்தவர்களின் சம்பளத் தேதி கடந்த பிறகே வந்துசேரும். சட்டப்படி முறையிட்டால் அடுத்த ஆர்டர் போய்விடும் என்ற அச்சத்தில் பலர் 90 நாள், 120 நாள் என்று காத்திருக்கின்றனர். அந்தக் காலமெல்லாம் வட்டியில்லாக் கடன் பெறுவது வாங்கும் பெரிய நிறுவனம், அதைக் கொடுப்பது சிறு நிறுவனம்.

இந்த நெருக்கடியில் எது நிறுத்தப்படுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். சம்பளத்தை நிறுத்தினால் மறுநாளே ஆள் வரமாட்டார். நூல்காரரை நிறுத்தினால் நூல் வராது. மின் கட்டணத்தை நிறுத்தினால் இயந்திரம் ஓடாது. பி.எஃப். கட்டாவிட்டால் மட்டும் அன்றைக்கு யாரும் கேட்பதில்லை. தாமதத்துக்கு ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டியும், 2024 ஜூனில் மாற்றியமைத்தபடி மாதத்துக்கு 1 விழுக்காடு இழப்பீடும் விதிக்கப்படுகின்றன. இரண்டும் சேர்ந்தால் ஆண்டுக்கு 24 விழுக்காடு, அதாவது கடைத்தெருவில் 'ரெண்டு வட்டி' என்று சொல்லும் விகிதம். அடமானம் இல்லாமல், கையெழுத்து இல்லாமல், கேட்ட உடனே கிடைக்கும் கடன் அந்த விகிதத்தில் வெளியே கிடைப்பது அரிது என்பதால், நிதி பாக்கி வைப்பது நெருக்கடியில் உள்ள முதலாளிக்கு மலிவான கடனாகத் தோன்றுகிறது. ஆனால் கடன் கொடுத்தவர் தொழிலாளி. அவரிடம் சம்மதம் கேட்கப்படவில்லை. சட்டமும் இங்கேதான் கடுமையாகிறது. முதலாளி தன் பங்கைக் கட்டாதது பாக்கி. தொழிலாளியின் சம்பளத்திலிருந்து பிடித்த 1,800 ரூபாயைக் கட்டாதது, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 316-ஆம் பிரிவில் உள்ள விளக்கத்தின்படி, குற்றவியல் நம்பிக்கை மோசடி. வருமான வரிச் சட்டமும் அதே வேறுபாட்டைக் கொண்டிருந்தது: பிடித்த பங்கை உரிய தேதிக்குள் செலுத்தாவிட்டால், வரிக் கணக்குத் தாக்கல் செய்வதற்கு முன்பே செலுத்தியிருந்தாலும், அதைச் செலவாகக் கழிக்க முடியாது என்று செக்மேட் சர்வீசஸ் வழக்கில் 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு நாள் தாமதத்துக்கு இவ்வளவு பெரிய விலையா என்ற முறையீடு அத்தீர்ப்பை ஒட்டி எழுந்தது. விலை பெரிதுதான் எனினும், பிடித்த பணம் முதலாளியுடையது அன்று, அவர் பொறுப்பில் இருப்பது என்று நீதிமன்றம் எடுத்துக்கொண்ட அடிப்படை சரியானது.

இரண்டாவது இடர்ப்பாடு எண்ணிக்கை வரம்பு. இ.எஸ்.ஐ.க்கும் பணிக்கொடைக்கும் பத்துப் பேர், வைப்பு நிதிக்கும் போனசுக்கும் இருபது பேர் என்பது பொதுவான அளவு; பழைய சட்டத்தில் இருந்த இந்த எண்களைப் புதிய சட்டத் தொகுப்புகளும் பெரும்பாலும் தக்கவைத்திருக்கின்றன. பத்தொன்பது பேரை 15,000 ரூபாய்ச் சம்பளத்தில் வைத்திருக்கும் ஒரு கூடம் இருபதாவது ஆளைச் சேர்த்தால், அந்த ஒருவருக்கு மட்டுமல்லாமல் இருபது பேருக்கும் சேர்த்து 13 விழுக்காடு, அதாவது மாதம் 39,000 ரூபாய், புதிய செலவு தோன்றுகிறது. பின்னர் ஆள் குறைந்தாலும் பொறுப்பு குறைவதில்லை. 1952-ஆம் ஆண்டு வைப்பு நிதிச் சட்டம், ஒருமுறை வரம்புக்குள் வந்த நிறுவனம் எண்ணிக்கை குறைந்தாலும் உள்ளேயே இருக்கும் என்று வெளிப்படையாகவே கூறியது. புதிதாகத் தொடங்கிய நிறுவனங்களுக்கு முன்பு மூன்றாண்டு விலக்கு இருந்தது. அது 1997 செப்டம்பரில் நீக்கப்பட்டது. விளைவாக, சட்டத்தின் நோக்கத்துக்கு நேர்மாறான பழக்கங்கள் வேரூன்றின: பத்தொன்பதோடு நிறுத்துவது, மனைவி பெயரிலோ தம்பி பெயரிலோ பக்கத்துக் கதவில் இன்னொரு கம்பெனி தொடங்குவது, எஞ்சியவரைக் கான்ட்ராக்டர் ஆளாகக் காட்டுவது. இவை எதுவும் சட்டத்தின் முன் நீண்ட நாள் நிற்பதில்லை. ஒரே நிர்வாகம், ஒரே இயந்திரம், ஒரே பணம் என்று நிறுவப்பட்டால் இரண்டு பெயரும் ஒரே நிறுவனமாகச் சேர்க்கப்படும். கான்ட்ராக்டர் மூலம் வந்தவரும் எண்ணிக்கையில் அடங்குவார், அவருக்குரிய நிதிக்கு மூல முதலாளியே இறுதிப் பொறுப்பாளி. பல ஆண்டுகளுக்குப் பின் கணக்கிடப்பட்டுப் பழைய பாக்கி ஒரே தொகையாக வரும்போது மூடப்படும் பட்டறைகள் இத்தகையவையே. வரம்பைக் கடந்த முதல் ஆண்டுகளில் முதலாளியின் பங்கைப் படிப்படியாக உயர்த்தும் ஓர் ஏற்பாடு, தொழிலாளியின் உரிமையைக் குறைக்காமல் அரசு அந்த இடைவெளியை ஏற்கும் வகையில் இருந்திருந்தால், இந்த ஒளிவு மறைவுக்குப் பெருமளவு தேவை இருந்திராது.

எதன்மேல் 12 விழுக்காடு என்ற கேள்வியே நீதிமன்றங்களை அதிகம் உழைக்க வைத்தது. அடிப்படைச் சம்பளத்தைச் சிறிதாக்கி, மீதியைப் பயணப்படி, சலவைப்படி, சிறப்புப்படி என்று பிரித்து, நிதிக்குரிய தொகையைச் சுருக்குவது பரவலான வழக்கம். எல்லாருக்கும் பொதுவாகவும் வழக்கமாகவும் கொடுக்கப்படும் படி, பெயர் எதுவாயினும், அடிப்படைச் சம்பளத்தின் பகுதியே என்று விவேகானந்த வித்யாமந்திர் வழக்கில் 2019 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கூறியது. புதிய சட்டத் தொகுப்பு அதை ஒரு கணக்காகவே ஆக்கியிருக்கிறது: வீட்டு வாடகைப்படி, பயணப்படி போன்ற விலக்குகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி ஊதியத்தோடு சேர்க்கப்படும். 15,000 ரூபாயில் 6,000 அடிப்படை, 9,000 விலக்குக்குரிய படி என்று எழுதியவர், 1,500 ரூபாயைத் திரும்பக் கூட்டி 7,500 ரூபாயை ஊதியமாகக் கொள்ள வேண்டும். வைப்பு நிதியைவிடப் பணிக்கொடையில்தான் இதன் தாக்கம் மிகுதி. ஏனெனில் பணிக்கொடை, கடைசியாக வாங்கிய ஊதியத்தை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கி, பணிசெய்த ஆண்டுகளால் பெருக்குவது. இருபது ஆண்டு இருந்தவருக்கு ஊதியத்தின் வரையறை மாறினால், மாற்றத்துக்கு முந்தைய ஆண்டுகளும் புதிய அளவில் கணக்காகிவிடும். இதற்கென்று மாதாமாதம் ஒரு தொகையை ஒதுக்கி வைத்த சிறு நிறுவனம் மிக அரிது.

மாதச் சம்பளம் என்ற எண்ணமே பல கூடங்களுக்குப் பொருந்துவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். திருப்பூரில் பெருவழக்கு பீஸ் ரேட்டும் ஷிப்ட் கணக்கும் சனிக்கிழமைச் சம்பளமும்; ஒன்றரை ஷிப்ட் என்பது அங்கே வேலைநேரத்தின் அலகாகவே ஆகிவிட்டது. பீசுக்கு இவ்வளவு என்று கூலி பேசியிருந்தாலும், நேரத்துக்குரிய குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போகக் கூடாது; வழக்கமான நேரத்தைத் தாண்டிய மணிக்கு இரட்டைக் கூலி. பழைய விதிகளின்படி இந்த மிகைநேரக் கூலி வைப்பு நிதிக் கணக்கில் சேராது, இ.எஸ்.ஐ. சந்தாவுக்குச் சேரும், ஆனால் ஒருவர் இ.எஸ்.ஐ.யின் 21,000 ரூபாய் வரம்புக்குள் இருக்கிறாரா என்று பார்க்கும்போது சேராது. ஒரே தொகை இடத்துக்கு இடம் வெவ்வேறு விதமாக நடத்தப்படுவதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் கணக்கெழுதும் முதலாளி தவறவிடுவதில் வியப்பில்லை. நாள் கணக்கிலும் இதே தடுமாற்றம். 15,000 ரூபாயை 30-ஆல் வகுத்தால் நாளுக்கு 500. வார விடுமுறை கழித்து 26-ஆல் வகுத்தால் 577. ஆளுக்கு விடுப்புப் பிடிக்கும்போது 577, மிகைநேரத்துக்குக் கொடுக்கும்போது 500 என்று இரண்டையும் கையாள்வோர் உண்டு. வகுக்கும் எண் எதுவாயினும் பிடித்தத்துக்கும் கொடுப்பனவுக்கும் அது ஒன்றாகவே இருந்தால், தொழிலாளிக்கும் முதலாளிக்கும் இடையே வரும் சச்சரவுகளில் பாதி எழாது.

முன்பணம் என்பது சம்பளப் பட்டியலில் மிகவும் நுட்பமான கட்டம். மகளின் காதுகுத்து, ஆடியில் கட்ட வேண்டிய பள்ளிக் கட்டணம், ஊரில் வீட்டுக்கு ஓடு மாற்றும் செலவு என்று கேட்கும் தொழிலாளிக்கு வங்கி கொடுக்காத கடனை முதலாளி கொடுக்கிறார். ஆளை நிறுத்தி வைக்கும் கயிறாகவும் அது பயன்படுகிறது. எல்லாப் பிடித்தமும் சேர்ந்து ஒரு காலத்து ஊதியத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்பது விதி. வேலைக்குச் சேர்வதற்கு முன் கொடுத்த முன்பணத்தை முதல் முழுச் சம்பளத்திலிருந்தே பிடிக்கத் தொடங்க வேண்டும். ஆனால் வேலைக்கு வருவதற்குப் பயணச் செலவாகக் கொடுத்த பணத்தைத் திரும்பப் பிடிக்கவே கூடாது. 1936-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து புதிய சட்டத்துக்கும் அப்படியே வந்திருக்கும் இந்த ஒரு வரி, ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ரயில் டிக்கெட் எடுத்துக் கொடுத்து ஆட்களை வரவழைத்து, அந்த டிக்கெட் காசை இரண்டு மாதச் சம்பளத்தில் கழிக்கும் இடங்களில் அறியப்படாமலே இருக்கிறது. முன்பணம் தீரும்வரை வேறிடம் போகக் கூடாது என்ற கட்டு அதனோடு சேர்ந்துவிட்டால், அது சம்பளக் கணக்கின் எல்லையைத் தாண்டி 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின் எல்லைக்குள் போய்விடுகிறது. செங்கல் சூளையிலும் விசைத்தறியிலும் தமிழ்நாடு கண்ட கொத்தடிமை முறையின் தொடக்கம் பெரும்பாலும் ஒரு நோட்டுப் புத்தகத்தின் முன்பணப் பக்கமே என்பதால், எந்த முதலாளியும் இதை அற்பமாகக் கருதலாகாது.

போனசில் சட்டமும் வழக்கமும் வெவ்வேறு நாட்காட்டியில் ஓடுகின்றன. கணக்காண்டு முடிந்து எட்டு மாதத்துக்குள், அதாவது மார்ச்சில் கணக்கு முடிப்பவர் நவம்பர் முடிவுக்குள், குறைந்தது 8.33 விழுக்காடு கொடுக்கச் சட்டம் சொல்கிறது. ஆண்டின் பன்னிரண்டில் ஒரு பங்காகிய அந்த விகிதம் ஒரு மாத ஊதியத்துக்குச் சமம். தமிழ்நாட்டில் போனஸ் என்றால் தீபாவளி. அதற்கு ஒரு வாரம் முன்பே பணம் கையில் இருக்க வேண்டும், இல்லையேல் ஆள் பண்டிகைக்குப் பின் திரும்பமாட்டார். பண்டிகைக்கு வழக்கமாகக் கொடுக்கும் தொகையைச் சட்டப்படியான போனசில் கழித்துக்கொள்ள முதலாளிக்கு உரிமை உண்டு. ஆனால் பலர் உறையில் பணமும் இனிப்புப் பெட்டியும் கொடுத்து, பதிவேட்டில் எதையும் எழுதாமல் விட்டுவிடுகின்றனர். பின்னாளில் ஆய்வு வரும்போது, கொடுத்த பணத்தையே கொடுத்ததாக நிறுவ முடிவதில்லை. தொழில் வரி இதைவிட எளியது: அரையாண்டுக்கு ஒருமுறை பிடித்து உள்ளாட்சி அமைப்புக்குக் கட்ட வேண்டிய அது, அரசியலமைப்பின் 276-ஆம் பிரிவுப்படி ஆண்டுக்கு 2,500 ரூபாயைத் தாண்டாது.

சரியாகப் பிடித்துச் சரியாகக் கட்டிய பணமும் தொழிலாளிக்குப் போய்ச் சேராமல் நிற்கும் இடம் ஒன்று உண்டு, அது பெயர். தமிழருக்குப் பெரும்பாலும் குடும்பப் பெயர் இல்லை, தலைப்பெழுத்தே உண்டு. ஒருவரின் ஆதாரில் தலைப்பெழுத்து பெயருக்குப் பின்னாலும், வங்கிப் புத்தகத்தில் முன்னாலும், பான் அட்டையில் தந்தை பெயரின் முழு விரிவாகவும் இருக்க, வேலைக்குச் சேர்ந்த அன்று கன்சல்டன்ட் ரேஷன் கார்டைப் பார்த்து வேறொரு எழுத்துக்கூட்டில் பதிந்திருப்பார். வைப்பு நிதியில் 2014 முதல் வழங்கப்படும் யு.ஏ.என். என்ற நிரந்தர எண், ஒருவர் எத்தனை கம்பெனி மாறினாலும் கணக்கு அவரைப் பின்தொடர வேண்டும் என்பதற்காக உருவானது. பெயரோ பிறந்த தேதியோ ஆதாரோடு பொருந்தாவிட்டால் பணம் கேட்கும் விண்ணப்பம் நிராகரிக்கப்படும், பல நேர்வுகளில் திருத்தத்துக்குத் தொழிலாளியும் முதலாளியும் சேர்ந்து உறுதிமொழி தர வேண்டியிருக்கும். மூன்று கம்பெனிக்கு முன்பு வேலை செய்த இடம் மூடியிருந்தால் அந்த இரண்டாவது கையெழுத்துக்கு அவர் அலைய வேண்டும். சேரும் நாளில் ஆதாரை மட்டும் எதிரே வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாகப் பதிவது பத்து நிமிட வேலை.

விலகும் நாளின் வேலையும் அதைவிடப் பெரியதில்லை. வேலையை விட்டவரின் கடைசிச் சம்பளத்தை, அவரே ராஜினாமா செய்திருந்தாலும், இரண்டு வேலைநாட்களுக்குள் தீர்க்கப் புதிய சட்டம் சொல்கிறது. முன்பு இந்த வேகம் முதலாளி நீக்கியவருக்கு மட்டுமே இருந்தது. சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்குப் போய்விடும் ஆட்களைக் கொண்ட தொழிலில் இதைச் செய்ய, வருகைப் பதிவும் முன்பணக் கணக்கும் அன்றன்று முடிந்திருக்க வேண்டும். அத்துடன் வைப்பு நிதி இணையதளத்தில் வேலையை விட்ட தேதியையும் பதிய வேண்டும். அந்தத் தேதி ஏறாதவரை பழைய கணக்கை முடிப்பதும் மாற்றுவதும் தடைப்படும் என்பதால், முதலாளி பதியாவிட்டால் கடைசிச் சந்தாவிலிருந்து இரண்டு மாதம் கழித்துத் தொழிலாளியே ஆதார் வழியாக அதைப் பதிந்துகொள்ள வைப்பு நிதி அமைப்பு வழி செய்திருக்கிறது. ஆதாரோடு இணைத்த செல்பேசி எண் தொலைந்துபோனவருக்கு அந்த வழியும் அடைபட்டதுதான். அவர் முதலில் ஆதாரில் புதிய எண்ணைப் பதிய வேண்டும்.